கைப்பேசியின் அனுமதியற்ற தொலை மேலாண்மை

கைப்பேசியின் அனுமதியற்ற தொலை மேலாண்மை என்பது ஒருவருக்குச் சொந்தமான கைப்பேசி, பலகைக் கணினி, மடிக்கணினி போன்ற கருவிகளை, அவருடைய இசைவின்றி வேறொருவர் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதைக் குறிக்கும். கருவியைப் பூட்டுதல், தரவுகளை அழித்தல், மென்பொருள்களை நிறுவுதல், இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்புதல் ஆகியவை இவ்வாறு செய்யப்படக்கூடியவை. இவற்றுள் பல, நிறுவனங்கள் தம் பணியாளர்களின் கருவிகளைப் பராமரிக்கப் பயன்படுத்தும் முறையான நுட்பத்தின் இயல்புகளே ஆகும். இசைவு இருக்கும்போது மேலாண்மையாக உள்ள ஒன்று, இசைவு இல்லாதபோது உளவாக மாறுகிறது.

தமது கைப்பேசி பிறரால் இயக்கப்படுகிறது என்று ஐயுறுவோர் பலர். முறையான தொலை மேலாண்மை நுட்பம், கருவியின் அமைப்புகள் பகுதியில் கண்ணுக்குத் தெரியும் தடயத்தை விட்டுவைக்கும் வகையிலேயே வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே இவ்வையத்தைப் பெரும்பாலும் பயனரே சோதித்து அறிய முடியும்.

வரலாறு

பிளாக்பெர்ரி கருவிகளைப் பணியாளர்களுக்கு வழங்கிய நிறுவனங்கள், 2000களின் தொடக்கத்திலேயே அவற்றை நிறுவன வழங்கி ஒன்றின் வழியாக மேலாண்மை செய்தன. கருவி தொலைந்தால் அதன் தரவுகளைத் தொலைவிலிருந்தே அழிப்பது இதன் முதன்மைப் பயன்களுள் ஒன்றாக இருந்தது. 2002ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட திறந்த நகர்பேசிக் கூட்டணி, பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவான மேலாண்மை நெறிமுறை ஒன்றை வகுத்தது. தொலைபேசிச் சேவை வழங்குநர்கள் இணைய இணைப்பு அமைப்புகளை அனுப்புவதற்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் இது பயன்பட்டது.

2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 4 பதிப்பிலும், கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பிலும் மேலாண்மை வசதிகளைச் சேர்த்தன. 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பு, ஒரே கைப்பேசியில் அலுவலகத் தரவுகளையும் தனிப்பட்ட தரவுகளையும் பிரித்து வைக்கும் பணிப் பகுதியை அறிமுகப்படுத்தியது. 2019இல் ஐஓஎஸ் 13 இதையொத்த பிரிவினையைக் கொண்டுவந்தது. பணியாளரின் சொந்தக் கைப்பேசியில் நிறுவனத்தின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற கேள்வியே இம்மாற்றங்களின் பின்னணி ஆகும்.

செயற்படும் முறை

ஐபோனில் மேலாண்மை தொடங்க, புரொபைல் எனப்படும் அமைவுக் கோப்பு ஒன்று கருவியில் நிறுவப்பட வேண்டும். எந்த வழங்கியிலிருந்து கட்டளைகள் வரும், அவ்வழங்கிக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பன அக்கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். மேலாளர் கட்டளை இடும்போது, முதலில் ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாகக் கருவிக்கு ஒரு தட்டு அனுப்பப்படும். அதைப் பெற்ற கருவி தானாகவே மேலாண்மை வழங்கியைத் தொடர்பு கொண்டு, காத்திருக்கும் கட்டளையைப் பெற்று நிறைவேற்றும். ஓர் ஐபோனை ஒரு நேரத்தில் ஒரு மேலாண்மை வழங்கி மட்டுமே ஆள முடியும்.

ஆண்ட்ராய்டில் இருவகை மேலாண்மை உண்டு. முதலாவது முழுக் கருவி மேலாண்மை. கருவி புதிதாக அல்லது முழுமையாக மீட்டமைக்கப்பட்ட நிலையில் இருக்கும்போதே இது வழக்கமாக ஏற்படுத்தப்படுகிறது. இரண்டாவது பணிப் பகுதி. இதில் மேலாளரின் அதிகாரம் பெரும்பாலும் பெட்டிச் சின்னம் இடப்பட்ட அலுவலகச் செயலிகளோடு நின்றுவிடும். இவற்றைத் தவிர, பழைய முறையான கருவி நிர்வாகி உரிமையைக் கோரும் செயலிகளும் உள்ளன. அவ்வுரிமை பெற்ற செயலியை, உரிமையை முதலில் விலக்காமல் நீக்க இயலாது.

மேலாளரால் இயல்வனவும் இயலாதனவும்

மேலாண்மை உரிமை பெற்றவர் கருவியைப் பூட்டலாம், தரவுகளை அழிக்கலாம், கடவுச்சொல் விதிகளை வகுக்கலாம், செயலிகளை நிறுவவோ தடுக்கவோ செய்யலாம், நிறுவப்பட்டுள்ள செயலிகளின் பட்டியலைப் பெறலாம். உரிமைகளின் அளவு கருவி எவ்வகையில் பதிவு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து வேறுபடும்.

ஆப்பிளின் மேலாண்மை நெறிமுறையில், பயனரின் குறுஞ்செய்திகள், தனிப்பட்ட மின்னஞ்சல்கள், ஒளிப்படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைப் படிக்கும் கட்டளை எதுவும் இல்லை. நிறுவனத்தின் முழுக் கண்காணிப்பில் பதிவான கருவி தொலைந்ததாக அறிவிக்கப்படும்போது மட்டுமே அதன் இருப்பிடத்தை அறியும் கட்டளையை அனுப்ப முடியும். ஆயினும் மேலாண்மை ஒரு வாயில் ஆகும். மேலாளர் தாம் விரும்பும் மூலச் சான்றிதழையும் மெய்நிகர் தனிப் பிணையத்தையும் கருவியில் ஏற்றினால், மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் போக்குவரத்தின் ஒரு பகுதியைப் படிக்க இயலும். அவ்வாறே, தீய செயலி ஒன்றை அவ்வாயில் வழியாக அனுப்பவும் இயலும்.

இசைவின்றி நிகழும் வழிகள்

ஒருவரின் கைப்பேசி பிறர் கட்டுப்பாட்டுக்குள் செல்லும் வழிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

கணக்கின் வழி: கைப்பேசியில் எதுவும் நிறுவப்படாமலேயே, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை அறிந்தவர் இருப்பிடம், ஒளிப்படங்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றைக் காணலாம், கருவியை அழிக்கவும் செய்யலாம். வாட்சப்பில் இணைத்த கருவிகள் வசதி வழியாக உரையாடல்களைப் படிக்கலாம். குடும்பத்தினர், முன்னாள் துணைவர் போன்ற நெருங்கியவர்களுக்கு இதுவே எளிய வழியாகும்.

வேவு மென்பொருளின் வழி: கைப்பேசியைச் சில நிமிடங்கள் கையில் பெற்று, திரைப் பூட்டையும் அறிந்தவர், செயலி ஒன்றை மறைவாக நிறுவலாம். ஆண்ட்ராய்டில் இவை பெரும்பாலும் அணுகல்தன்மைச் சேவை, அறிவிப்புகளைப் படிக்கும் உரிமை ஆகியவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றன.

மேலாண்மைப் பதிவின் வழி: ஏமாற்று இணைப்பு மூலமோ நேரில் கையாண்டோ கருவியில் புரொபைல் நிறுவப்படலாம்.

முந்தைய உரிமையாளரின் வழி: நிறுவனம் ஒன்று வாங்கிய கருவிகளின் தொடர் எண்கள் மேலாண்மைப் பதிவேட்டில் இருந்து நீக்கப்படாமலேயே அவை பழைய பொருளாக விற்கப்படுவதுண்டு. இத்தகைய கருவியை முழுமையாக மீட்டமைத்தாலும், அமைக்கும்போது அந்நிறுவனத்தின் மேலாண்மைத் திரை மீண்டும் தோன்றும். இதில் தீய நோக்கம் இல்லாவிடினும் கட்டுப்பாடு உண்மையானதே.

மென்பொருள் குறைபாட்டின் வழி: பெகாசஸ் போன்ற உயர்நிலை உளவு மென்பொருள்கள், பயனர் எதையும் தொடாத நிலையிலும் கருவிக்குள் நுழைய வல்லவை. இவை அரசுகளுக்கு விற்கப்படுவதாக அதன் தயாரிப்பாளர் கூறும் பொருள்கள். ஊடகவியலாளர், வழக்கறிஞர், அரசியலாளர் போன்றோர் இவற்றின் இலக்காகியுள்ளனர்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளின் ஒளிப்படக்கருவிகளைத் தொலைவிலிருந்து இயக்கியது தெரியவந்தது. தொலைந்த கணினிகளைக் கண்டறிவதற்காக வைக்கப்பட்ட வசதி, மாணவர்கள் வீட்டில் இருந்தபோதும் செயற்பட்டது. 50,000க்கும் மேற்பட்ட படங்களும் திரைப் படிமங்களும் எடுக்கப்பட்டிருந்தன. வழக்குகள் அதே ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலருக்குத் தீர்வு செய்யப்பட்டன.

2018ஆம் ஆண்டு சூலையில் சிசுக்கோ நிறுவனத்தின் தாலோசு ஆய்வுக் குழு, இந்தியாவில் 13 ஐபோன்கள் போலி மேலாண்மை வழங்கி ஒன்றில் பதிவு செய்யப்பட்டிருந்ததை வெளியிட்டது. எவரும் பெறக்கூடிய திறமூல மேலாண்மை மென்பொருளையே தாக்கியவர்கள் பயன்படுத்தினர். அதன் வழியாக வாட்சப், டெலிகிராம் ஆகியவற்றின் திரிக்கப்பட்ட வடிவங்கள் அக்கருவிகளில் ஏற்றப்பட்டன. உரையாடல்கள், தொடர்பு எண்கள், ஒளிப்படங்கள், இருப்பிடம் ஆகியவை இவற்றால் திரட்டப்பட்டன. இச்செயல் 2015 ஆகத்து முதல் நடந்து வந்ததாகக் குழு கணித்தது. கருவிகள் எவ்வாறு பதிவு செய்யப்பட்டன என்பது உறுதியாகக் கண்டறியப்படவில்லை. பதிவுக்குப் பயனரின் ஒப்புதல் படிகள் பல தேவை என்பதால், நேரடிக் கையாளலோ ஏமாற்றோ நடந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது.

2019 சனவரியில், பேஸ்புக் நிறுவனம் 13 முதல் 35 வயது வரை உள்ளோருக்கு மாதம் 20 டாலர் வரை வழங்கி, மூலச் சான்றிதழ் கொண்ட ஆய்வுச் செயலியை நிறுவச் செய்தது வெளியானது. பணியாளர்களுக்கு மட்டுமே உரிய நிறுவனச் சான்றிதழ் இதற்குப் பயன்படுத்தப்பட்டதால், ஆப்பிள் நிறுவனம் அச்சான்றிதழைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் பெகாசஸ் குறித்த முறையீடுகளை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் குழு ஒன்றை அமைத்தது. குழு ஆய்ந்த 29 கைப்பேசிகளுள் 5 கைப்பேசிகளில் தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ் தான் என்று உறுதி கூற இயலவில்லை என்றும் 2022 ஆகத்தில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வல்லுநர்களாலும் சில வேளைகளில் முடிவான விடை கூற இயலாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தவறாகப் பொருள்கொள்ளப்படும் அறிகுறிகள்

மின்கலம் விரைவில் தீர்தல், கருவி சூடாதல், வேகம் குறைதல், இணையத் தரவு மிகுதியாகச் செலவாதல் ஆகியவை உளவின் அறிகுறிகளாகப் பரவலாகச் சொல்லப்படுகின்றன. பழைய மின்கலம், பின்னணியில் நடக்கும் புதுப்பிப்பு, மோசமான அலைவரிசை ஆகியவற்றாலும் இவை நிகழ்வதால், இவை மட்டும் சான்றாகா.

*#21# என்ற எண்ணை அழுத்தினால் கைப்பேசி ஒட்டுக்கேட்கப்படுவது தெரியும் என்பது தவறான நம்பிக்கை. அது அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்பதை மட்டுமே காட்டும். குரோம் உலாவியில் தோன்றும் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்னும் வரி, வீட்டுக் கணினியில் நச்சுநிரல் தடுப்பான் போன்ற மென்பொருள் ஏதேனும் உலாவிக்கு விதி ஒன்றை இட்டிருந்தாலும் தோன்றும். கைப்பேசியின் செயலிப் பட்டியலில் காணப்படும் அறிமுகமற்ற பெயர்களுள் பெரும்பாலானவை இயங்குதளத்தின் உறுப்புகளே.

சோதித்தறிதல்

ஐபோனில் அமைப்புகள், பொது என்னும் பகுதிகளின் கீழ் மெய்நிகர் தனிப் பிணையமும் கருவி மேலாண்மையும் என்னும் பிரிவு உள்ளது. மேலாண்மைப் புரொபைல் இருந்தால் அதன் பெயரும் உரிமைகளும் அங்கே காணப்படும். நிறுவனக் கண்காணிப்பில் உள்ள கருவியாயின், அமைப்புகள் பக்கத்தின் மேற்பகுதியிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும்.

ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளின் கீழ் உள்ள கருவி நிர்வாகிச் செயலிகள், கணக்குகள் பகுதியில் உள்ள பணிப் பகுதி, அணுகல்தன்மைச் சேவைகள், அறிவிப்பு அணுகல், பயனர் ஏற்றிய சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றின் பெயரும் இடமும் தயாரிப்பாளருக்கு ஏற்பச் சற்று வேறுபடும்.

இருவகைக் கருவிகளிலும், கணக்கில் நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலையும் வாட்சப்பின் இணைத்த கருவிகளையும் சரிபார்ப்பது இன்றியமையாதது. இவ்விடங்கள் எதிலும் அயலானது எதுவும் இல்லையெனில், பொதுவான தொலை மேலாண்மைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எதுவும் இல்லை என்பதை நூறு விழுக்காடு நிறுவ எந்தச் சோதனையாலும் இயலாது. சான்று எதுவும் கிடைக்காமலேயே அச்சம் நீடித்து, உறக்கத்தையும் உறவுகளையும் கெடுக்குமானால், நம்பிக்கைக்குரியவரிடமும் மருத்துவரிடமும் பேசுவது பயன் தரும். அச்சம் தரும் துன்பம், அதன் காரணம் எதுவாயினும், உண்மையானதே.

நீக்குதலும் பாதுகாப்பும்

அயலான புரொபைலை அல்லது செயலியைக் கண்டால், அழிக்கும் முன் திரையை வேறொரு கருவியால் படம் எடுத்து வைப்பது பிற்காலத்தில் சான்றாக உதவும். துணைவர் அல்லது குடும்பத்தினரால் கண்காணிக்கப்படுவோர் ஒன்றைக் கருத வேண்டும்: கண்காணிப்பு நின்றவுடன் அது கண்காணித்தவருக்குத் தெரிந்துவிடும். வன்முறைக்கு வாய்ப்புள்ள இடத்தில், முதலில் வேறொருவரின் கைப்பேசியிலிருந்து உதவி தேடிப் பாதுகாப்புக்கு வழி செய்துகொண்ட பின்னரே நீக்குதல் நன்று.

கடவுச்சொற்களை ஐயத்திற்கு இடமற்ற வேறொரு கருவியிலிருந்து மாற்றி, இருபடி உறுதிப்பாட்டை இயக்குவது அடுத்த படி. கடவுச்சொல்லை மாற்றாமல் கைப்பேசியை மட்டும் மாற்றினால், கணக்கின் வழி நுழைந்தவர் புதிய கைப்பேசியிலும் தொடர்வார். முழு மீட்டமைப்பு பெரும்பாலான வேவு மென்பொருள்களை நீக்கிவிடும். தொடர் எண்ணால் பதிவான பழைய கருவியாயின், பதிவு செய்த நிறுவனமே அதை விடுவிக்க வேண்டும்.

2022இல் வந்த ஐஓஎஸ் 16 பதிப்பில், பிறருக்கு அளித்த அணுகலை ஒரே இடத்தில் விலக்கும் வசதியும், பூட்டு நிலை என்னும் கடும் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டன. பூட்டு நிலையில் இருக்கும்போது புதிய மேலாண்மைப் பதிவு எதையும் செய்ய இயலாது.

சட்டம்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைப் பிரிவு 43இல் தடை செய்கிறது. அது நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் நோக்குடன் செய்யப்பட்டால், பிரிவு 66இன்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 இலட்சம் உரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். கைப்பேசியும் இச்சட்டத்தின் பொருளில் கணினிக் கருவியாகும். இணையவழிப் பண மோசடி உள்ளிட்ட இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற உதவி எண் உள்ளது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இவ்வகைச் செயல்களைக் குற்றமாக்குகிறது. துணைவரின் அல்லது உறவினரின் கைப்பேசி என்பதால் இச்சட்டங்கள் பொருந்தாமல் போவதில்லை.

இவற்றையும் பார்க்க

உளவு மென்பொருள்
கணினி நச்சுநிரல்
மெய்நிகர் தனிப் பிணையம்
இருபடி உறுதிப்பாடு