சாயலும் சுயமும்



ஒரு கதை பிறிதொரு கதையின் சாயலில் அமைந்திருக்குமாயின், ‘இது களவு’ என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்பு எத்துணை நியாயமானது? சிறியதொரு திரைப்படத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

1982ஆம் ஆண்டு, ‘தடைசெய்யப்பட்ட உலகம்’ எனப் பொருள்படும் ‘போபிடன் வேள்ட்’ என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. தயாரித்தவர் றொஜர் கோர்மன்; நெறிப்படுத்தியவர் அலன் ஹோல்ஸ்மன். தொலைதூரக் கிரகமொன்றிலே ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே வளரும் கொடிய உயிரொன்று, தப்ப வழியற்ற மனிதரை ஒருவர் பின் ஒருவராகக் கொல்கின்றது. 1979இல் றிட்லி ஸ்கொட் நெறிப்படுத்திய ‘ஏலியன்’ பெற்ற பெருவெற்றியே இதற்குத் தூண்டுகோல் என்பதில் ஐயமில்லை. கோர்மனோ சிக்கனத்துக்குப் பேர்போனவர். 1980இல் தாம் வெளியிட்ட வேறொரு படத்தின் விண்வெளிப் போர்க் காட்சிகளையே இதிலும் எடுத்து இணைத்துக்கொண்டார். மலினமான கவர்ச்சிக் காட்சிகளுக்கும் இப்படத்திலே குறைவில்லை.

ஆயினும், ‘ஏலியன்’ மட்டும் முன்னோரின்றிப் பிறந்ததா? செவ்வாயிலிருந்து திரும்பும் விண்கலத்தில் ஒளிந்துவரும் பிராணியொன்று பயணிகளைக் கொல்லும் கதை 1958இலேயே படமாகிவிட்டது. அதற்கும் முன்னர், 1951இல், வடதுருவத்துப் பனிவெளி முகாமொன்றில் வேற்றுலக உயிர் புகுந்த கதை திரைக்கு வந்தது. அதன் மூலமோ 1938இல் ஜோன் காம்பெல் அந்தாட்டிக்கைக் களமாக்கி எழுதிய கதை. பனிப்பாலை விண்வெளியாயிற்று, முகாம் விண்கலமாயிற்று. உதவி எட்டாத இடத்தில் அகப்பட்ட மனிதரின் அச்சம் மட்டும் மாறவில்லை.

இனி, கோர்மனின் படம் தன் பங்குக்கு எதனையேனும் சேர்த்ததா? சேர்த்தது. ‘ஏலியன்’ காட்டிய விலங்கு வெளியிலிருந்து வந்தது. இப்படத்தின் விலங்கையோ மனிதரே ஆக்கினர். அண்டமெங்கும் நேரவிருக்கும் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்கும் நோக்குடன் செய்த பரிசோதனையின் விளைவு அது. இறுதியில் அதனை அழிப்பது துப்பாக்கியன்று. விஞ்ஞானி ஒருவர், புற்றுநோய் பற்றிய தமது ஈரலையே அறுத்து அதற்கு உணவாக்கச் செய்கின்றார். கட்டின்றி வளரும் உயிரைக் கட்டின்றி வளரும் நோயே கொல்கின்றது. பசி தீர்க்கப் புறப்பட்ட அறிவு தன் உடலையே ஈடாகக் கொடுக்க நேர்கின்ற இக்கற்பனை, இரவல் வாங்கியவனின் கைச்சரக்கென்று ஒதுக்கத் தக்கதன்று.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1981இல் கோர்மன் தயாரித்த ‘கலக்சி ஒஃப் டெரர்’ என்னும் படமும் ‘ஏலியன்’ வழியில் வந்ததே. அதன் காட்சி அமைப்புக்குப் பொறுப்பாயிருந்த இளைஞர் ஜேம்ஸ் கமரூன். பின்னர், ‘ஏலியன்’ கதையின், 1986இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தை எழுதி நெறிப்படுத்தும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது! சாயல் எடுத்த பட்டறையிலே பயின்றவர், மூலத்தின் வாரிசாகவே ஆகிவிட்டார்.

ஆகவே நேயர்களே, ஒரு படைப்பு எங்கிருந்து எடுத்தது என்று கேட்பது பாதிக் கேள்வி. எடுத்ததுடன் எதைச் சேர்த்தது என்பதே மறுபாதி. இரண்டையும் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறுவோம்.