போர் முடிந்து மிஞ்சிய கோட்டுகள்

ஆண்களுக்கான உயர்விலை ஆடைக் கடைகளில் சில பத்தாண்டுகளாக ஒரு பாணி அசையாமல் நிற்கிறது. பழைய இராணுவ உடுப்பும், பனிமலைக்கும் துருவத்துக்கும் போனவர்களின் உடுப்பும்தான் அதன் முதல். தோளில் பட்டி, மூடி வைத்த நாலு பெரிய பாக்கெட், இடுப்பு வாரில் பித்தளை வளையம், உள்ளே ஆரஞ்சு நிற லைனிங். விற்பவர்கள் சொல்லும் கதையும் ஒன்றேதான்: இது போர்முனையில் பிறந்தது, உயிர் காத்தது, அணிபவருக்கும் அந்த மிடுக்கு ஒட்டிக்கொள்ளும். வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கதை நிற்பதில்லை. இந்த உடுப்புகளில் பலவற்றை இராணுவம் கண்டுபிடிக்கவில்லை; வேட்டைக்காரருக்கும் கடலோடிக்கும் மலையேறிக்கும் ஆலைக்காரர்களும் தையற்காரர்களும் செய்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டது. அதன் பங்குக்கு அது செய்த பெரிய காரியம், அவற்றை லட்சக்கணக்கில் தைத்து வாங்கி, போர் முடிந்ததும் வேண்டாமென்று மலிவாகத் தள்ளிவிட்டதுதான்.

டிரெஞ்ச் கோட்டிலிருந்தே தொடங்கலாம். பெயரிலேயே பதுங்குகுழி இருக்கிறது. ஆனால் அதன் துணியான காபர்டினை இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் துணிக்கடை வைத்திருந்த தாமஸ் பர்பரி உருவாக்கியது 1879இல், முதல் உலகப் போருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பு. நெய்த துணிக்கு ரப்பர் பூசாமல், நூலிலேயே நீர் ஒட்டாத பதம் ஏற்றிப் பிறகு நெருக்கமாக நெய்தார். முதலில் அதை விரும்பி வாங்கியவர்கள் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போன வசதிக்காரர்கள். போர் வந்தபோது பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் சீருடையைத் தாங்களே கடையில் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தைக்காகத்தான் லண்டன் கடைகள் மழைக்கோட்டில் தோள்பட்டியும் வளையமும் வைத்துத் தைத்து விளம்பரம் செய்தன. பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கு அரசு கொடுத்தது நனைந்தால் கல்லாய்க் கனக்கும் கம்பளிக் கோட்டு. அந்த வளையத்தில் கையெறி குண்டைத் தொங்கவிட்டார்கள் என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. வரைபடப் பை போன்ற சாமானை மாட்டுவதற்கு என்பதே நம்பத் தகுந்தது. ஆக, டிரெஞ்ச் கோட்டு பிறப்பிலேயே ஒரு கடைச்சரக்கு, அதுவும் வர்க்கம் பார்த்து விற்ற சரக்கு.

மலையேறிகளின் கதையும் வேறல்ல. 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காக அவர் அணிந்திருந்தது தெரிந்தது. கழுத்துப் பட்டியில் இருந்த சீட்டில் டபிள்யூ. எஃப். பெய்ன், 72 ஹை ஸ்ட்ரீட், கோடால்மிங் என்றிருந்தது. உலகத்தின் உச்சியை நோக்கிப் போனவரின் உடுப்பு, அவர் ஆசிரியராக இருந்த ஊரின் கடைத்தெருவில் வாங்கியது! அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1922 பயணத்தில், ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் பலூன் துணிக்குள் வாத்தின் மென்சிறகை அடைத்துத் தைத்த கோட்டுடன் வந்தார். உடன் வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், குளிரில் பொறாமைப்பட்டார்கள். இன்றைய பஞ்சுமெத்தை ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் முன்னோடி ஒரு தனிமனிதரின் பிடிவாதம். எந்தப் படைத்துறையும் அதற்கு உத்தரவு போடவில்லை.

இராணுவம் சேர்த்தது என்ன என்பதைக் காட்ட டஃபிள் கோட்டை விட நல்ல சான்று இல்லை. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் அருகே டஃபெல் என்ற ஊரின் முரட்டுக் கம்பளியால் பெயர் பெற்ற கோட்டு அது. பிரிட்டிஷ் கடற்படை அதைக் கப்பல் தளத்தில் காவல் நிற்பவர்களுக்குக் கொடுத்தது. பித்தான் இல்லை, கயிற்றுக் கண்ணியில் மாட்டும் மரக்கட்டைகள், கையுறையைக் கழற்றாமலே போடவும் எடுக்கவும் வசதியாக. சீருடைக்கு மேலே போடுவதால் தொளதொளவென்ற வெட்டு, தொப்பியோடு சேர்த்து மூடும் அகன்ற தலைமூடி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிடங்குகளில் இவை குவிந்து கிடந்தன. கையுறையும் வேலையுடுப்பும் மொத்த வியாபாரம் செய்த மோரிஸ் குடும்பத்தார் அந்த உபரியை வாங்கி விற்றார்கள். சரக்கு மளமளவென்று போயிற்று. 1950களின் தொடக்கத்தில் கிடங்கு காலியானது. அதன் பிறகுதான் குளோவரால் என்ற பெயரில் அவர்களே தைக்கத் தொடங்கினார்கள். வெட்டு உடம்போடு ஒட்டியது, மரக்கட்டை இருந்த இடத்துக்குக் கொம்பு வந்தது, கயிறு தோலானது. ‘இராணுவப் பாணி’ ஆண் உடை வடிவமைப்பு என்று இன்று நாம் அறிவது இப்படி, உபரி தீர்ந்துபோன மறுநாளில் பிறந்தது. 1958இல் அணுகுண்டை எதிர்த்து லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தவர்களிடையே இந்தக் கோட்டு நிறையத் தென்பட்டது. கடற்படையின் வீரத்தை நினைத்து அவர்கள் அதைப் போடவில்லை. மாணவர் கைக்கு எட்டும் விலையில் குளிர் தாங்கிய கோட்டு அது.

மற்ற இடங்களிலும் இதே தடம். போரிலிருந்து வந்தவர்களின் படிப்புக்குப் பணம் கொடுத்த 1944 சட்டத்தின் உதவியால் அமெரிக்கக் கல்லூரிகளுக்குத் திரும்பிய படைவீரர்கள் கையிலிருந்த காக்கிக் கால்சட்டையுடனே வகுப்புக்குப் போனார்கள். அதுவே பின்னால் மாணவர் நாகரிகம் ஆயிற்று. டோக்கியோவின் உயெனோ பக்கம் அமேயோகோ சந்தையில் அமெரிக்கப் படையின் உடுப்புகள் விற்றதிலிருந்து ஜப்பானியரின் ஈடுபாடு வளர்ந்தது. காக்கியின் தொடக்கமோ நம் துணைக்கண்டத்தில்: பெஷாவரில் 1846இல் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படை மண்ணிறத்தில் தோய்த்த துணியை உடுத்தியது. பின்னாளில் சென்னை பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் காக்கி டிரில்லுக்குப் பேர்போயின. அதே நிறத்தை ஆட்டோ ஓட்டுநர் போட்டால் வேலையுடுப்பு, வணிக வளாகத்தில் தொங்கினால் ‘சீனோ’. இந்த வித்தியாசத்தில் போர் எங்கே இருக்கிறது?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போர்க்காலத்தில் உண்மையான கண்டுபிடிப்புகள் நடந்தன. ஆர்க்டிக் கடலில் கப்பல் அணிகளுக்குக் காவலாகப் பறந்த விமானிகள் நீரில் விழுந்தால் சில நிமிடங்களில் குளிரால் செத்தார்கள். அவர்களுக்காக மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையம் உருவாக்கிய வென்டைல் துணி ஒரு அற்புதம். நீண்ட இழைப் பருத்தியை முறுக்கி மிக நெருக்கமாக நெய்தார்கள். உலர்ந்திருக்கும்போது காற்று புகும், நனைந்தால் இழை உப்பி இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். பூச்சு எதுவும் வேண்டாம். அமெரிக்கப் படையின் எம்-1943 ஜாக்கெட்டும் தடித்த ஒரே கோட்டுக்குப் பதில் மெல்லிய அடுக்குகள் என்ற கொள்கையில் எழுந்தது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஷர்லி நிலையம் பருத்தித் தொழில்காரர்களின் ஆய்வுக்கூடம். அமெரிக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜஸ் டோரியோ ஹார்வர்டில் வணிகம் கற்பித்த பேராசிரியர். அண்டார்டிகாவுக்குச் சாரணச் சிறுவனாகப் போய்வந்த பால் சிப்பிள் போன்றவர்களிடம் படைத்துறை ஆலோசனை கேட்டது. அரசு பணம் கொடுத்தது, அவசரம் கொடுத்தது, அளவு வரிசை கொடுத்தது. அறிவு சீருடைக்கு வெளியிலிருந்து வந்தது.

‘மூலம் எதுவானால் என்ன, உடை அழகுக்குத்தானே?’ என்பது இன்னொரு மறுப்பு. இதில் எனக்குப் பாதி உடன்பாடு. பொலோன்யாவின் மாசிமோ ஓஸ்தி பழைய சீருடைகளையும் வேலையுடுப்புகளையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். ஆனால் அவற்றை அப்படியே நகலெடுக்கவில்லை. லாரித் தார்ப்பாய் துணியைக் கசக்கித் துவைத்து ஜாக்கெட்டாக்கி 1982இல் ஸ்டோன் ஐலண்டைத் தொடங்கினார். பழைய பொருளிடம் அவர் கேட்ட கேள்வி, இது எப்படி வேலை செய்கிறது என்பது. அசலுக்கு அச்சாக நூல் எண்ணி, ஜிப் தேடித் தைக்கும் ஜப்பானிய நிறுவனங்களின் வழி வேறு. அதன் உழைப்பை மதிக்கலாம், ஆனால் ‘அசல்’ என்ற வாதம் சீக்கிரம் வழுக்கிவிடும். வில்லியம் கிப்சன் 2003இல் எழுதிய ‘பேட்டர்ன் ரெகக்னிஷன்’ நாவலின் நாயகி, அத்தகைய நிறுவனமான பஸ் ரிக்சன்ஸ் தைத்த கறுப்பு எம்ஏ-1 விமானி ஜாக்கெட் அணிகிறாள். அந்த நிறுவனம் அதுவரை அப்படி ஒன்றைத் தைத்ததே இல்லை. நாவல் வந்தபின் வாசகர்கள் கேட்கவே, தைத்து விற்றது. இல்லாத கடந்தகாலத்துக்கும் வாடிக்கையாளர் உண்டு என்பது தெரிந்துபோயிற்று.

நான் உடன்படாத மற்றப் பாதி விலையைப் பற்றியது. 1971இல் வாஷிங்டனில் வியட்நாம் போரை எதிர்த்துப் பதக்கங்களை வீசிய முன்னாள் வீரர்கள் களச்சீருடையில் வந்தார்கள். சீருடையே போட்டிராத இளைஞர்கள் அதே ஜாக்கெட்டை உபரிக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கினார்கள். அந்த உடுப்புக்கு அர்த்தம் ஏறியதற்குக் காரணமே, கேட்ட யாருக்கும் அது கிடைத்தது என்பதுதான். இன்று அதன் மறுபதிப்பு அசல் உபரியைப் போலப் பல மடங்கு விலையில் தொங்குகிறது. தோள்பட்டியை நகலெடுக்கலாம், வென்டைலை நகலெடுக்கலாம், தையலின் நூல் நிறத்தைக்கூட நகலெடுக்கலாம். வரிப்பணத்தில் லட்சக்கணக்கில் தைத்து நட்டத்துக்குத் தள்ளிய அந்த மலிவை எந்த வடிவமைப்பாளரும் நகலெடுக்க முடியாது. டஃபிள் கோட்டையும் காக்கியையும் தெருவுக்குக் கொண்டுவந்தது அதுதான்.