உளி பிடிக்கும் கை: பள்ளி, மரவேலை, சாதி

ஏழாம் வகுப்பில் கணக்கு நடந்துகொண்டிருக்கும். தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வரும். "ஆசாரி வீட்டுப் பையனை ஐயா கூப்பிடுறார்." எழுந்து போவேன். கால் ஆடும் பெஞ்சுக்கு ஆப்பு அடிக்க வேண்டும். கழன்ற கதவுக் கீலை முடுக்க வேண்டும். திரும்பி வரும்போது கரும்பலகையை அழித்திருப்பார்கள். அதே பள்ளியின் கால அட்டவணையில் வாரம் இரண்டு 'கைத்தொழில்' பீரியட் உண்டு. அதில் எந்தப் பையன் கையிலும் உளியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கைத்தொழில் எனக்கு மட்டும்தான், அதுவும் கணக்குப் பீரியடில்.

இதைச் சொந்தக் குறையாகச் சொல்லவில்லை. பள்ளியில் மரவேலை கற்றுத்தர வேண்டுமா என்று கேட்டால் இங்கே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'உழைப்பின் மேன்மை' என்கிற பல்லவி. பெரும்பாலும் ரம்பத்தைத் தொடாதவர்கள் பாடுவது. இன்னொன்று, "குலக்கல்வியை மறுபடியும் கொண்டுவரப் பாக்குறாங்க" என்கிற சந்தேகம். இரண்டாவதற்கு வரலாற்று நியாயம் இருக்கிறது.

1953-ல் ராஜாஜி அரசு சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழகலாம் என்றது. ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட் நடத்தி நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற சிக்கனக் கணக்கும் சொல்லப்பட்டது. எதிர்த்தவர்கள் வைத்த 'குலக்கல்வி' என்ற பெயரே நிலைத்தது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. போராடியது, காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் பள்ளிக்கூடம் கைவேலையைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. கையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பியது. ஆசாரி மகன் பட்டறைக்கு, குயவர் மகன் சக்கரத்துக்கு, செருப்புத் தைப்பவர் மகன் தோலுக்கு. எழுத்தே வீட்டுத் தொழிலாக இருந்தவன் பிள்ளைக்கு? அவனுக்கு வீட்டிலும் பள்ளிதான்.

1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது உண்மை. அங்கே தொழில்தான் பாடத்தின் மையம். ஆனால் பிள்ளைகளின் கைவேலையே பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார். பிள்ளை மறுபடியும் உற்பத்தியாளன் ஆகிறான்.

வேறொரு வழியும் இருந்தது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸின் முயற்சியால் 1866-லேயே மக்கள் பள்ளிகளுக்குள் கைவேலை பாடமாக வந்தது. சுவீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சலோமோன் 1870-களிலிருந்து ஆசிரியர்களுக்கு 'ஸ்லாய்டு' என்ற மரவேலைக் கல்வியைப் பயிற்றுவித்தார். கத்தியில் தொடங்கும், எளிய பொருளிலிருந்து கடினமான பொருளுக்கு வரிசையாகப் போகும், செய்கிற ஒவ்வொன்றும் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். அவர் அழுத்திச் சொன்ன விஷயம்: இது தச்சர்களை உருவாக்க அல்ல, கற்றுத்தருபவரும் தச்சர் அல்ல, பள்ளி ஆசிரியர். தச்சராகப் போகாத பிள்ளைக்குத்தான் மரவேலை! குலக்கல்வியின் தலைகீழ் இது. பையனுக்கு மரம், பெண்ணுக்குத் துணி என்ற பாகுபாடு அங்கும் நெடுங்காலம் இருந்தது. இங்கே என் அக்காளை எங்கள் பட்டறையில் உளியைத் தொடக்கூட விட்டதில்லை. குலத்தொழில் என்பது குலத்தின் ஆண்களுடைய தொழில்.

தச்சராகப் போகாத பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? "நாருக்கு எதிரா இழைச்சா பிச்சுக்கும்" என்பார் அப்பா. மனப்பாடம் பண்ணி மரத்தை ஏமாற்ற முடியாது. கழுந்து துளையில் உட்காராவிட்டால், தப்பைச் சொல்வது வாத்தியார் அல்ல, மூலைமட்டம். வாத்தியார் சொன்னதே சரி என்று பழகிய வகுப்பறையில் இது சின்ன விஷயமில்லை. முக்கியமானது இன்னொன்று: ஒரு மணி நேரம் இழைப்புளி தள்ளித் தோள் வலித்தவன், 'ஆசாரி வீட்டுப் பையனை' அவ்வளவு சுலபமாகக் கூப்பிட மாட்டான்.

2023-ல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் தச்சு உட்பட 18 தொழில்களைக் 'குடும்பவழி' என்ற சொல்லோடு கட்டியது. 2024-ல் தமிழக அரசு அதை அந்த வடிவில் ஏற்க மறுத்து, 2025-ல் சாதி பாராத கைவினைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மறுத்தது சரி. ஆனால் இரண்டுமே வளர்ந்தவர்களுக்கான கடனும் பயிற்சியும் பற்றியவை. பள்ளியைப் பற்றிய கேள்வி 1954-ல் விட்ட இடத்திலேயே கிடக்கிறது. குலக்கல்வியைத் தோற்கடித்தோம், கையைப் புத்தகத்துக்குக் கீழே வைத்த படிநிலையைத் தொடவில்லை.

குலக்கல்வியை எதிர்த்த மரபில் நிற்கிற நாம்தான் இதைக் கேட்க வேண்டும். ஆசாரி மகனுக்குக் கணக்குப் பீரியட் முழுசாகக் கிடைக்கட்டும். டாக்டர் மகளும் பூசாரி மகனும் வாரம் இரண்டு மணி நேரம் இழைப்புளி பிடிக்கட்டும். பெஞ்சு உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அப்போது தலைமையாசிரியர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.