செஞ்சி மலைக்காடுகளும் மழை வெள்ளமும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிய பாறைக் குன்றுகளிலும் அருகிலுள்ள பக்கமலையிலும் முட்புதர்க் காடும் உலர் பசுமைமாறாக் காடும் எஞ்சியுள்ளன. செஞ்சியாறு, வராக நதி என்றெல்லாம் அழைக்கப்படும் சங்கராபரணி இம்மலைப்பகுதியில் தோன்றி, 1959இல் கட்டப்பட்ட வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்கிறது.

காட்டை அழித்தால் மழை குறையுமா? இப்பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று. அதன் ஈரம் வங்கக் கடலிலிருந்து வருகிறது. செஞ்சிக் குன்றின் மரங்களுக்கு அதில் பெரும்பங்கு இல்லை. தென்மேற்குப் பருவம் அப்படியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளிவிடும் நீராவி அப்பருவத்தில் தமிழகத்து மழைக்குக் கணிசமாக உதவுகிறது என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் காட்டினர். ஆகவே செஞ்சியின் ஆடி, ஆவணி மழைக்குத் தொலைதூரக் காடும் பொறுப்பு.

உள்ளூர்க் காட்டின் வேலை, பெய்த மழையைப் பிடித்து வைப்பது. இங்கே குன்று என்பது உருண்டைப் பாறைகளின் அடுக்கு. இடுக்குகளில் மட்டுமே மண் உண்டு. வீரை, காசான் போன்ற மரங்களின் வேர்கள் அந்த மண்ணை இறுக்கிப் பிடிக்கின்றன. இலைச்சருகு மழைத்துளியின் அடியைத் தாங்க, வேர்த்தடங்கள் வழியே நீர் பாறை வெடிப்புக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போய்ச் சேருகிறது. விறகு வெட்டு, ஓயாத மேய்ச்சல், கோடைத் தீ ஆகியவற்றால் மரம் போனால் சில மழைக்காலங்களிலேயே மண்ணும் போய்விடும். பிறகு வெறும் பாறையில் விழும் நீர் உடனே ஓடையில் பாயும். அரித்த மண் வரத்து வாய்க்காலையும் ஏரியையும் மேடாக்க, கொள்ளளவு குறைந்த ஏரி சிறுமழைக்கே கலங்கல் வழிகிறது. கோடைக்கு நீர் நிற்பதில்லை. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வருவதற்கு இது முக்கியக் காரணம்.

காட்டின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் அடர்ந்த காட்டு மண்ணும் நிறைந்து வழியும். சாதாரண, நடுத்தர மழைகளில்தான் காட்டின் பயன் முழுமையாகத் தெரியும். அவையே எண்ணிக்கையில் மிகுதி.

ஏரியைத் தூர்வாருவதோடு நீர்பிடிப்புச் சரிவில் தீயையும் மேய்ச்சலையும் தடுத்து உள்ளூர் மரங்களை வளர்ப்பதும் அவசியம். அதைச் செய்யாவிட்டால் தூர்வாரிய ஏரியில் மீண்டும் மண் வந்து சேரும்.