வெங்காயத்தில் ஊதாப் புள்ளி: வெள்ளையாக இருக்கும்போதே பாருங்கள்

மார்கழிப் பனியில் எங்கள் வெங்காயத் தாள்களில் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பெரிதாக எடுக்கவில்லை. நடு ஊதாவாகி, சுற்றி மஞ்சள் படர்ந்த பிறகே மருந்தடித்தேன். தாள்கள் மடிந்து விழுந்தன. விதைவெங்காயம் நகை அடகு வைத்து வாங்கியது.

இது அல்டர்னேரியா போரி என்ற பங்கசு. அறுவடைச் சருகில் தங்கி, காற்றிலும் நீர்த்துளியிலும் பரவும். தாள் நெடுநேரம் ஈரமாயிருந்தால் தொற்றும். பனிப்பூச்சி ஏற்படுத்தும் காயம் அதற்கு வாசல்.

இப்போது சருகை எரித்துவிடுகிறேன். நெருக்கி நடுவதில்லை, யூரியாவைக் குறைத்தேன். மாலையில் தூவல் பாசனம் இல்லை. 2, 3 வருடம் அதே இடத்தில் வெங்காயம் நடாமலிருப்பது நல்லது. துண்டுக் காணிக்காரர் ஒரு போகமாவது பயறோ மிளகாயோ மாற்றலாம். வெள்ளைப் புள்ளி கண்ட அன்றே, விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவில் மங்கோசெப் தெளியுங்கள். ஊதாவாகும்வரை காத்திருக்காதீர்கள்.