ஊவாத் தோட்டங்களின் தப்புக் கலைஞர்

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா, காமன் கூத்து, திருமணம், சாவு ஆகியவற்றுக்குத் தப்பு அடிக்கும் மரபுவழி இசைஞர். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்கள் இவரது களம். கச்சேரி மேடையும் சபாக்களும் இவரை ஏற்றதில்லை. ஆனால் வாய்மொழிப் பாடம், ஆண்டுக்கணக்கில் சாதகம், சந்தர்ப்பத்துக்கேற்ற தாளக்கட்டு, கூத்தின் நடுவே நொடியில் நடையை மாற்றும் திறன் என்று ஒரு சாஸ்திரிய வித்துவானிடம் எதிர்பார்க்கப்படுபவை எல்லாம் இவரிடமும் எதிர்பார்க்கப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த ஆட்களோடு தப்பும் மலையேறியது. கோப்பிக் காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது இலங்கைக் கோப்பியையே அழித்தது. அதன் இடத்துக்கு வந்த தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவதால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. குடும்பங்கள் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் நிலைத்தன, லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில் எழுந்தது, அந்தக் கோயிலை அண்டித் தப்பும் நிலைத்தது. மலையகக் கலை வரலாற்றை எழுதுவோர் இந்தத் துரு நோய்க்குப் போதிய இடம் கொடுப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தோட்ட நிருவாகமும் தப்பைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. விடியுமுன் ஆட்களை எழுப்பி, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்கு அழைக்கத் தப்பு அடிக்கப்பட்டது. முந்திய இரவு சாமிக்கு அடித்த கைதான் காலையில் துரையின் வேலைக்கும் அழைத்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) ஆங்கிலக் கவிதை நூலிலும் அந்த விடியல் ஒலி கேட்கிறது. சக்தி பால ஐயா அந்நூலைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். பிற்காலத்தில் மணியும் சங்கும் வந்து பிரட்டுத் தப்பை ஓய்வுபெறச் செய்தன.

வட்டமான மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டித் தப்பு செய்வர். இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி, வலக்கையில் தடித்த குறுங்குச்சி. அடிக்குமுன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவுப் பனியில் தோல் விரைவில் தொய்ந்துவிடும். அதனால் விடிய விடிய நடக்கும் கூத்தில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். தப்பைக் கன்னத்தருகே பிடித்து விரலால் தட்டி, இன்னும் சூடு வேண்டுமா என்று சொல்லத் தெரிவதே சிறுவனின் முதல் பாடம்.

தனிப் பள்ளி இல்லை. தகப்பனோ மாமனோ அடிக்கும்போது சிறுவன் பக்கத்தில் நின்று குச்சியால் பலகையில் தட்டிப் பழகுவான். சாமி அடி, கலியாண அடி, சாவு அடி என்று அடிகளைப் பிரித்தறிந்த பிறகே தப்பைக் கையில் கொடுப்பார்கள். கரகம் பாலிக்கும்போது அருள் வர எங்கே நடையை ஏற்றுவது, பாடை முச்சந்தியில் நிற்கும்போது எங்கே மாற்றுவது என்பதெல்லாம் அனுபவத்தால் வந்தவை.

இக்கலைஞரின் ஆண்டில் உச்சம் மாசி மாதம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்கும் அந்நாட்களில், அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிப்பது வழக்கம். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்பி உயிர்ப்பிச்சை கேட்பதும் கதை. வாத்தியார் பாட, மன்மதனும் ரதியும் ஆட, தூதன், வீரபத்திரன், யமன் ஆகியோர் வருகையில் ஒவ்வொருவருக்கும் தனித் தாளம் எழும். ரதி, மன்மதன் ஆட்டத்தில் குழைந்து போகும் தப்பு வீரபத்திரன் வருகையில் சீறும். அந்த மாற்றம் ஓர் அடி பிந்தினாலும் ஆட்டக்காரரின் கால் தடுமாறும். கூத்தை நடத்துபவர் வாத்தியார் என்று சொன்னாலும், இரவைத் தாங்குவது தப்புக்காரரின் மணிக்கட்டுத்தான். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளிலும் இவருக்கு வேலை உண்டு.

தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இவர் கொழுந்து பறிக்கவோ செடி கவ்வாத்து வெட்டவோ பேர் விழும் தொழிலாளி மட்டுமே. கலைக்குக் கிடைத்தது வெற்றிலை, வேட்டி, சில்லறை. கொடுமை அதற்கு மேலும் இருந்தது. தப்பைப் பறையர் சாதியின் கடமையாக்கி, இழவு வீட்டுக்கு அழைத்தவர்களே கோயில் முற்றத்தில் அவர்களை எட்டி நிறுத்தினர். வெளியிலிருந்து நாதசுர மேளம் வரவழைத்த திருவிழாக்களில் தப்பு இன்னும் பின்னுக்குப் போனது. படித்த பிள்ளைகள் பலர் தகப்பனின் தப்பைத் தொட மறுத்தனர். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. குடும்பங்கள் பிரிந்தபோது கூத்துக் குழுக்களும் உடைந்தன. ஒரு தோட்டத்தில் வாத்தியார் மிஞ்சினார், இன்னொன்றில் தப்புக்காரர் மட்டும் மிஞ்சினார். 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தபின் மேலும் பலர் வெளியேறினர்.

சி. வி. வேலுப்பிள்ளையும் சாரல்நாடனும் பாடல்களையும் வாய்மொழி வழக்காறுகளையும் தொகுத்தனர், மாத்தளை வடிவேலன் மலையகக் கலைகளைப் பற்றி எழுதினார். சொற்கள் அச்சேறிய அளவுக்கு அடிகள் பதிவாகவில்லை. பாட்டைக் காகிதத்தில் எழுதிவிடலாம், தப்பின் நடையை அடிப்பவரிடமிருந்துதான் கேட்டு வாங்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் இளைஞர் குழுக்களும் பாடசாலைகளும் தப்பை மலையக அடையாளமாக மேடையேற்றுகின்றன, பெண்களும் அடிக்கிறார்கள். ஆயினும் ஆண்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவதால், பல தோட்டங்களில் காமன் கூத்து இறுதி இரவுகளுக்குள் சுருங்கிவிட்டது.