மரத்துக்கு முன் மண்: நீலகிரி உயர்நிலத்தில் காட்டு மண் மேலாண்மை

நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிச் சரிவில் குழி வெட்டினால் முதலில் வருவது கன்னங்கரிய மண். அள்ளினால் கனம் தெரியாது. ஈரத்தோடு விரலிடுக்கில் தேய்த்தால் வழவழக்கும். அதன் கீழே செம்மஞ்சள் களி தொடங்கும். இந்த நிலத்தைத் தரிசு என்று எண்ணி, மரம் நட்டால்தான் பயன்படும் என்று கருதியது நம் பழைய வனவியல். 1843இல் கற்பூர மரம் வந்தது. பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரம் மலை மலையாகப் பரப்பப்பட்டது. எந்த மரம், எங்கே, எவ்வளவு காலம் என்பதை மண்தான் தீர்மானித்திருக்க வேண்டும். மண்ணை யாரும் கேட்கவில்லை என்பதே என் வாதம்.

அந்தக் கறுப்பு, வளத்தின் நிறம் அன்று. எரிமலைச் சாம்பலில் உருவாகும் ஆண்டிசால் மண்ணின் பண்புகள் எரிமலையே இல்லாத நீலகிரியில் காணப்படுவதை 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு மண்ணியலாளர்கள் விளக்கினர். முதிர்ந்து சிதைந்த பாறைமண்ணிலிருந்து விடுபடும் அலுமினியம் மட்கோடு பிணைந்துகொள்கிறது. குளிரும் ஈரமும் மட்கு சிதைவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கரிமம் இப்படித்தான் அங்கே சேர்ந்தது. ஆனால் அதே அலுமினியம் பாஸ்பரசையும் வேருக்குக் கிடைக்கவிடாமல் இறுக்கிக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் மழை அரித்துவிட்டதால், மரத்துக்குக் கிடைக்கும் சத்தில் பெரும்பகுதி இலைச் சருகுக்கும் வேருக்கும் இடையிலேயே சுழல்கிறது. கற்பூர மரத்தின் சுண்ணாம்புச் சத்தில் கணிசமான பங்கு பட்டையில் இருக்கிறது. பட்டையோடு மரத்தை லாரியில் ஏற்றினால், இந்த மண்ணால் எளிதில் ஈடுசெய்ய முடியாததை ஏற்றி அனுப்புகிறோம். வெட்டிய இடத்திலேயே பட்டையை உரித்துப் போடுவது சிறு வேலை. எனினும் அடுத்த சுழற்சியின் வளர்ச்சிக்கு அது பெரிதும் உதவும்.

இந்த மண்ணுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், பழைய அளவுக்கு நீரைத் திரும்பப் பிடிப்பதில்லை. ஆகவே, முழுக்க வெட்டி வெயிலில் விடப்பட்ட சரிவில் நேரும் சேதம் அடுத்த மழையோடு தீர்வதில்லை.

நீர்க்கணக்கைப் பார்ப்போம். நீலகிரியின் கிளன்மார்கனில் ஊட்டியின் மண்–நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்று புல்லாகவே விடப்பட்டது; மற்றதில் 59 விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது; அடிமரம் மீண்டும் துளிர்த்து வளர்ந்த மறுதாம்புச் சுழற்சியில் குறைவு 25 விழுக்காட்டைத் தாண்டியது. வெட்டிய அடிமரத்தின் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் இரண்டாம் முறை இழப்பு கூடியது வியப்பில்லை.

புல்வெளி என்பது காடு அழிந்த மிச்சம், மரம் நடுவது மீட்பு என்று சொல்வோர் உண்டு. சதுப்புகளின் கரிமண் இதை மறுக்கிறது. சூழலியலாளர் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கார்பன் ஐசோடோப்பு ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே வெப்பமண்டலப் புற்கள் இங்கே பரவியிருந்ததைக் காட்டியது. பருவநிலைக்கேற்பப் புல்லும், சோலை எனப்படும் மலைமடிப்புக் காடும் முன்பின்னாக நகர்ந்திருக்கின்றன. கோடரிக்கு முன்பே புல் இருந்தது. ஊட்டியின் விறகுத் தேவையைத் தாங்கி, நட்ட மரங்கள் சோலைகளைக் காத்தன என்ற வாதத்தில் உண்மை உண்டு, அதை ஒதுக்க மாட்டேன். ஆனால் அதற்குத் தேவைப்பட்டவை ஊரை ஒட்டிய தோப்புகள், மலைமுகடுகள் அல்ல. நீலகிரியைப் போலவே மரம் நடப்பட்ட பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது.

இன்றைய சிக்கல் சீகை. அதன் வேர்முடிச்சுகள் நைட்ரஜனைச் சேர்க்கின்றன. குறைந்த சத்துக்குப் பழகிய புற்களுக்கு அது உதவியல்ல, இடையூறு. விதைகளோ மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரேயடியாக வெட்டியோ தீயிட்டோ நிலத்தைத் திறந்தால் நாற்றங்கால் போல முளைத்துவரும். எனவே அகற்றுதல் என்பது மரம் வெட்டும் ஒப்பந்தமாக இருக்கக் கூடாது. மண்ணிலுள்ள விதை இருப்பு தீரும்வரை ஆண்டுதோறும் நாற்றுப் பிடுங்கும் பணி அதில் சேர வேண்டும். நல்ல புல்வெளிக்குள் நுழையும் தனிச் செடிகளை முதலில் வேரோடு எடுக்கலாம்; செலவு குறைவு, மண்ணும் கலையாது. முதிர்ந்த சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழுந்துள்ள மடிப்புகளில் கோடரியே வேண்டாம். கன்றுகள் உயரும்வரை நிழலைக் காத்து, பிறகு மேல்மரங்களை ஒவ்வொன்றாகக் கழிக்கலாம்.